கணக்கப்பிள்ளை செய்த கொலைகள்

இரத்தோட்டைப் பக்கம் டெக் மாமாவைப் போல ஒரு பயந்தாங்கொள்ளி பிறந்ததே இல்லை. கோழி அறுத்தால் கூடக் கண்ணை மூடிக்கொள்வார். அப்பேர்ப்பட்டவர், ஞாயிற்றுக்கிழமை பகலில் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்துச் சனங்களுக்குத் தன் வீடியோ டெக்கில் போட்டுக் காட்டியதெல்லாம் ஆட்களை வரிசையாகக் கொன்று குவித்த நிஜக் கொலைகாரர்களின் படங்கள்!

எல்லாம் இங்கிலீசுப் படம். மாமாவுக்கோ இங்கிலீசு சுத்தமாகத் தெரியாது. டீவி பக்கத்தில் நின்று தானாகவே இட்டுக்கட்டிக் கதை சொல்வார். எந்த நாட்டுக் கொலைகாரனும் அவர் வாயில் தோட்டத்துக் கணக்கப்பிள்ளையாகிவிடுவான்.

"பாத்துக்கங்க, கொழுந்து நிறுக்கிறப்ப கிலோவக் குறைக்கிறான். இவன் கொல்லாம விடுவானா?"

பெண்கள் மண்ணை வாரித் தூற்றுவார்கள். எங்களுக்கோ கண்ணை எடுக்க முடியாது. படம் முடிந்ததும் மாமா தனியாக வீட்டுக்குப் போக நடுங்குவார். பட்டப்பகலில் நாலு பேர் துணைக்குப் போக வேண்டும்.

அது எண்பத்தொன்பது, அரசாங்கத்துக்கு எதிரான கிளர்ச்சியும் ஆமியின் வேட்டையும் நடந்த காலம். ஆற்றில் பிணங்கள் மிதந்தன. யார் கொன்றது என்று கேட்கவும் பயம்.

"இந்த நேரத்துல இந்தக் கருமாந்திரம் எதுக்கு மாமா?" என்று கேட்டேன்.

"படத்துல வர்ற இந்தப் பாவிக்கு ஒரு மொகம் இருக்குடா. கடைசியில மாட்டிக்கிறான். அதப் பாத்தாத்தான் எனக்குத் தூக்கமே வருது."

ஒரு ஞாயிறு, மாமாவுக்குத் துணையாகப் போகும்போது ஆமி ஜீப் வந்து நின்றது. கொஞ்சம் முன்னால் பாலத்தடியில் பஸ்ஸை எரித்துவிட்டு ஓடியவன் சிவப்புச் சட்டைக்காரனாம். என் சட்டையும் சிவப்பு. என்னை இழுத்து ஏற்றினார்கள். கூட வந்தவர்கள் ஓட, மாமா ரோட்டோரம் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

பள்ளிக்கூடத்தில் இருந்த காம்பில் அதிகாரி சிங்களத்தில் கேட்டார்: "எங்கே இருந்தாய்?"

"படம் பார்த்தேன், மாத்தயா."

"என்ன படம்? என்ன கதை?"

கேசட் அட்டையில் பார்த்த பெயரைச் சொல்லி, கணக்கப்பிள்ளை, தராசு, கொழுந்து, கடைசியில் தூக்குக்கயிறு எல்லாவற்றையும் சொன்னேன். அதிகாரியின் முகம் இறுகியது.

"பொய்! அந்தப் படம் நான் பார்த்தது. அவன் மருந்துக்கடைக்காரன். தராசில் நிறுத்தது விஷம்!"

அடப்பாவி மாமா! ஒரு சிப்பாய் என் கழுத்துப்பட்டியைப் பிடித்தான். அங்கே கொண்டுபோன பையன்களில் திரும்பி வந்தவர்கள் குறைவு. என் கதை முடிந்தது என்றே நினைத்தேன்.

அப்போது வாசலில் மாமாவின் குரல். என்னைப் பலகைத் தடுப்புக்குப் பின்னால் தள்ளிவிட்டு, அவரிடமும் கதையைக் கேட்டார்கள். நடுங்கும் சிங்களத்தில் மாமா தொடங்கினார்: "ஒரு தோட்டத்துக் கணக்கப்பிள்ளை, மாத்தயா. கொழுந்து நிறுக்கும்போது..."

நான் சொன்ன அதே கதை, கடைசித் தூக்குக்கயிறு வரைக்கும். அதிகாரி என்னைத் தடுப்புக்குப் பின்னாலிருந்து வெளியே இழுத்தார்.

"இப்படி ஒரு பைத்தியக்காரக் கதையை இரண்டு பேர் தனித்தனியாக ஒரே மாதிரி கட்ட முடியாது. இவன் படம் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறான். கூட்டிக்கொண்டு போ."

வெளியே வந்ததும் கேட்டேன்: "அவ்வளவு தூரம் தனியா எப்படி மாமா வந்தீங்க?"

"கண்ண மூடிக்கிட்டு நடந்தேன்டா." என் கையை இறுகப் பிடித்தார். "இப்ப வீடு வரைக்கும் வந்து விட்டுட்டுப் போ. பயமா இருக்கு."

அன்றிலிருந்து அவர் போய்ச் சேரும் வரைக்கும், அந்தத் துணைக்கு வேறு யாரையும் நான் போக விட்டதில்லை.