முப்பத்தாறு பேர் தோற்க வேண்டும்

எனக்குக் கம்ப்யூட்டர் தெரியும் என்று நானே ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்த காலம் ஒன்று உண்டு. அதே காலத்தில்தான் பெற்ற அப்பாவை ஒரு கம்ப்யூட்டர் தாளில் தொலைத்தேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். கிருஷ்ணன்கோவிலில் என்ஜினீயரிங் இரண்டாம் வருடம். ராஜபாளையத்தில் எங்கள் தெரு மன்றம் நடத்திய பூப்பந்துப் போட்டிக்கு முப்பத்தேழு அணிகள் வந்திருந்தன. தோற்றால் வெளியே. அட்டவணையை நானே புரோகிராம் எழுதிப் போட்டுத் தருவதாகச் சொன்னேன். (யாரும் கேட்கவில்லை.) அணிகளைப் பாதியாக்கு, ஒன்று மிஞ்சும் வரை மறுபடி பாதியாக்கு. மொத்தம் முப்பத்துநான்கு ஆட்டம் என்று பிரிண்டர் கிறீச்சிட்டுக்கொண்டே துப்பியது.

அப்பா மில்லில் ஃபிட்டர். முழங்கால் போய்விட்டதால் அதுதான் அவருக்குக் கடைசிப் போட்டி. அவர் அணிக்கு அவரே கேப்டன். சனிக்கிழமை குலுக்கலில் அவர் அணி ஜோடியில்லாமல் ஒற்றையாக நின்றது. ஆடாமலே அடுத்த சுற்று. அந்தச் சந்தோஷத்தில் அணிக்கே டீ வாங்கிக் கொடுத்தார்.

ஞாயிறு காலை முழங்காலில் பேண்டேஜ் சுற்றி, மட்டையோடு உட்கார்ந்தவர் மதியம் வரை உட்கார்ந்தே இருந்தார்.

"ஏலே, எங்கள எப்பக் கூப்பிடுவாக?"

"கம்ப்யூட்டர்ல இருக்குப்பா. செத்த நேரம் பொறுங்க."

இரண்டாம் சுற்றே முடிந்துவிட்டது. ஸ்கோர் எழுதிக்கொண்டிருந்த தங்கை செல்வி (பத்தாம் வகுப்புக் கணக்கில் இரண்டு தடவை ஃபெயிலாகிக் கோட் அடித்தவள்) என் தாளை இழுத்துப் பார்த்தாள்.

"அண்ணே, முப்பத்தேழு டீம் வந்துச்சு. ஒண்ணுதான் கப்பு வாங்கும். மத்த முப்பத்தாறும் தோத்துத்தான வீட்டுக்குப் போகணும்? ஒரு மேட்சுக்கு ஒரு டீம்தான தோக்கும்? இதுல முப்பத்துநாலு மேட்ச்தான் இருக்கு. ரெண்டு டீம எங்க வச்சிருக்க?"

தாளைத் திரும்ப வாங்கிக் கூட்டிப் பார்த்தேன். முடிந்த ஆட்டத்தையும் மிஞ்சிய அணியையும் கூட்டினால் எந்த நேரத்திலும் முப்பத்தேழு வர வேண்டும். என் புரோகிராமோ பாதியாக்கும்போது மிஞ்சிய ஒற்றை அணியைச் சத்தமில்லாமல் உதறியிருந்தது. முதலில் அப்பா. மூன்றாம் சுற்றுக்கு வந்த ஒன்பதில் ஒரு ஸ்ரீவில்லிபுத்தூர் அணியை உதறவும் தயாராக இருந்தது. அந்த முப்பத்தேழு போல, என்ன நடந்தாலும் அசையாமல் நிற்கும் கணக்குக்கு இன்வேரியன்ட் என்று பெயர். அந்த வாரம்தான் வகுப்பில் நடத்தினார்கள். நான் இரண்டு வண்ணத்தில் அடிக்கோடு போட்டிருந்தேன். செல்விக்கு அந்தப் பெயரே தெரியாது, ஆனால் விஷயம் தெரிந்திருந்தது. அன்று அவளை அப்படியே வியந்து பார்த்தேன், இன்னும் பார்க்கிறேன்.

விடுபட்ட அப்பா அணியையும் விடுபடவிருந்த ஸ்ரீவில்லிபுத்தூர் அணியையும் மோதவிட்டார்கள். காலையிலிருந்து உட்கார்ந்து இறுகிப்போன முழங்காலோடு அப்பா அடித்த பந்தெல்லாம் வலையிலேயே விழுந்தது. இரண்டே செட். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தார்.

"இப்ப அந்த முப்பத்தாறுல நானும் ஒருத்தன்ல?"

இப்போது நான் அதே பாடத்தைக் கல்லூரியில் நடத்துகிறேன். குடும்பத்தோடு வேனில் எங்கே கிளம்பினாலும் தலையை எண்ணுவது செல்விதான். எனக்கு அந்த உரிமை கிடையாது. பின்சீட்டிலிருந்து அப்பா மறக்காமல் கேட்பார்:

"ஏட்டி, ஒங்கண்ணன் தாள்ல நான் இருக்கனான்னு பாத்துட்டு வண்டிய எடுக்கச் சொல்லு."