வாகிமானை வெயிலில் வைத்தார்கள்

அதிகாலை நாலரை மணிக்கு வாகிமானை எழுப்பி, வாசலில் நாற்காலி போட்டு உட்கார வைத்துவிட்டு, உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள் அவர் மனைவி தூத்திக்.

"கதவைத் திற தூத்திக்! குளிருது!"

"முக்கால் மணி நேரம் பனிக்காத்து படணும்னு எழுதியிருக்கு, பாக். சும்மா உட்காருங்க." ஜாவாவில் புருஷனோ பெரியவரோ, ஆண்களை மரியாதையாக 'பாக்' என்றுதான் கூப்பிடுவார்கள்.

எல்லாம் சர்க்கரை படுத்திய பாடு. மூன்று வாரத்தில் குறையாவிட்டால் தினமும் வயிற்றில் ஊசி என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஊசி என்றால் வாகிமான் ஊரை விட்டே ஓடுகிற ஆள். "நல்ல பழக்கங்களை வளர்த்துக்கோங்க" என்றும் டாக்டர் சொன்னார். எந்தப் பழக்கம் என்று கேட்பதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள். தூத்திக் விடுவாளா? சோலோ நகரச் சந்தைப் பக்கம் யாரையோ பார்த்து, தாள் நிறைய எழுதி வாங்கிவந்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டாள்.

"யாரு எழுதினது?"

"பாக் நார்யோ. அவர் பழக்கி இதுவரைக்கும் இருபது கோப்பை ஜெயிச்சாச்சு. வேற என்ன வேணும் உங்களுக்கு?"

ஓட்டப்பந்தயப் பயிற்சியாளர் போலிருக்கிறது என்று வாகிமான் நினைத்துக்கொண்டார்.

பெண்டாட்டி வீட்டை விட்டுத் துரத்திவிட்டாள் என்று தெருவில் பேச்சாகிவிட்டது. எதிர்வீட்டு மார்னி மனசு கேட்காமல் ஒரு தட்டு வாழைப்பழ பஜ்ஜியோடு வந்தாள்.

"சாப்பிடுங்க பாக். வயித்து மேல என்ன கோபம்?"

நாலு உள்ளே போயிற்று. ஐந்தாவதைத் தூத்திக் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டாள்.

மறுநாள் நாற்காலி கொல்லைக்குப் போனது. பனி முடிந்ததும் அங்கேயே சட்டையில்லாமல் ஒரு மணி நேரம் வெயில். வாகிமான் தூங்கிப்போய், ஒரு பக்கம் மட்டும் கறுத்து அலுவலகம் போனார்.

"என்ன பாக், திருப்பிப் போட மறந்துட்டாங்களா?" என்று சிரித்தார்கள். பிறகு பாவம் பார்த்து, சர்க்கரை தூக்கலாக டீ வாங்கிக் கொடுத்தார்கள். வாரக் கடைசியில் விரலைக் குத்திப் பார்த்தால், சர்க்கரை முன்னைவிட ஏறியிருந்தது.

தூத்திக் சட்டத்தை இறுக்கினாள். மதியம் அரைப் பப்பாளி. சாயங்காலம் ஆறரைக்குத் திரையை இழுத்து மூடிவிட்டுத் தூக்கம். டிவியில் பார்க்கும் கால்பந்தாட்டமும் போயிற்று.

"இது வீடா, ஜெயிலா?" என்று கத்தினார் வாகிமான்.

அவளும் பதிலுக்குக் கத்த வாயெடுத்தாள். தாளின் கடைசி வரி கண்ணில் பட்டது. அதட்டக் கூடாது; காலையும் மாலையும் பக்கத்தில் நின்று கொஞ்சிப் பேச வேண்டும்.

தூத்திக் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"என் ராஜா... எவ்வளவு அழகா உட்கார்ந்திருக்கீங்க!"

கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்தில் முதல் தடவை. வாகிமானுக்குக் கண் கலங்கிவிட்டது.

மறுநாள் நாலு மணிக்கே அவர் தானாக நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்குப் போனார். மார்னியின் பஜ்ஜியைக் கும்பிட்டுத் திருப்பி அனுப்பினார். டீக்குக் கூப்பிட்டால் காது கேட்காதவர் போல இருந்தார். மாலையானால், "இன்னிக்கு இன்னும் ஒண்ணும் சொல்லலியே" என்று தூத்திக் பின்னாலேயே சுற்றினார்.

மூன்றாவது வாரம் டாக்டர் ரிப்போர்ட்டை இரண்டு தடவை படித்துவிட்டு, "ஊசி வேண்டாம்" என்றார்.

வாகிமான் நேராகச் சந்தைக்குப் போனார். விசாரித்தால், பறவைக் கடையைக் காட்டினார்கள்; வாசலிலேயே பறவைகள் பாட்டுப் போட்டியில் ஜெயித்த கோப்பைகள். நூறு கூண்டுகளுக்கு நடுவே நின்றிருந்த நார்யோவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நான் தூத்திக் வீட்டுக்காரன். நீங்க எழுதிக் கொடுத்த அட்டவணைதான் என்னைக் காப்பாத்திச்சு!"

நார்யோ அவரை உச்சியிலிருந்து பாதம் வரை பார்த்தார்.

"உங்களுக்கா கேட்டாங்க? சுறுசுறுப்பே இல்ல, உடம்பு பெருத்துப் போச்சு, எப்பப் பாரு தீனின்னு அழுதாங்க. வயசு என்னன்னு கேட்டேன், அம்பத்தாறுன்னாங்க. நான் மாசக் கணக்குன்னுல்ல நெனச்சேன்!"