பிறக்குமுன் பெற்ற ஞானஸ்நானம்

2026 சனவரி 18, ஞாயிற்றுக்கிழமை. பிறப்பதற்கு ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன்பே லிடியா ஞானஸ்நானம் பெற்றுவிட்டாள் என்று பங்குக் கோவிலின் கணினி சான்றளித்தது. பிறப்பு: 5-12-1999. ஞானஸ்நானம்: 2-1-1900. கீழே கோவில் முத்திரை.

லிடியாவின் தந்தை ஏசுதாஸ், தில்லியில் முப்பத்தைந்து ஆண்டுகள் தமிழாசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர். அந்தத் தாளை அவர் மூன்று முறை படித்தார்; மூன்று முறையும் அது அதையே சொன்னது.

சான்றிதழ் சரியாக இருந்தால்தான் அடுத்த ஞாயிறு கோவிலில் திருமண ஓலையை, அதாவது மண அறிவிப்பை, வாசிப்பார்கள். மூன்று ஞாயிறுகள் வாசித்தால் பிப்ரவரி 14இல் திருமணம். தவறினால் தவக்காலம் வந்துவிடும். பிறகு ஈஸ்டர் வரை பேச்சே இல்லை. மாப்பிள்ளை ஜோஷ்வாவோ பிப்ரவரி இறுதியில் இரண்டாண்டு வேலையாகத் தோஹாவுக்குப் புறப்படுகிறான்.

கோவில் அலுவலகத்தில் கணினியைக் கவனிக்கும் கெவின் பதறவில்லை.

"டென்ஷன் வேணாம், அங்கிள். இது ஒய்-டூ-கே."

"அதை விரித்துச் சொல்."

ஒய் என்றால் ஆண்டு, டூ என்றால் இரண்டு, கே என்றால் ஆயிரம் என்று கெவின் விளக்கினான். பழைய கணினிகளில் இடத்தை மிச்சம் பிடிக்க ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்களை மட்டும் எழுதினார்களாம். அதனால் இரண்டாயிரம் பிறந்தபோது, வெறும் '00'ஐப் பார்த்த கணினி ஆயிரத்துத் தொள்ளாயிரம் என்று எண்ணிக்கொண்டதாம்.

"ஆண்டைச் சுருக்கியதால் வந்த நோய், அதற்குப் பெயரையும் சுருக்கியா வைத்தீர்கள்?" என்றார் ஏசுதாஸ். "திருத்து."

கெவின் ஜல்தியாகத் திருத்தினான். எல்லா ஆண்டுகளிலும் '19'க்குப் பதில் '20' போடும்படி கணினிக்குச் சொன்னான். ஞானஸ்நானம் 2000க்கு வந்து சேர்ந்தது. பிறப்பு 2099க்குப் போயிற்று. சரிபார்க்கலாமென்று பெற்றோரின் பக்கத்தைத் திறந்தபோது, ஏசுதாஸுக்கும் லூசிக்கும் இன்னும் எழுபது ஆண்டுகள் கழித்துத்தான் திருமணம் என்று தெரியவந்தது.

"ரொம்ப நல்லது," என்றாள் உடன் வந்திருந்த லூசி. "இன்னும் யோசிக்க டைம் இருக்கு."

ஏசுதாஸ் சிரிக்கவில்லை. தில்லி துவாரகாவிலுள்ள வீட்டுக்குத் திரும்பியதும் ஆயர் இல்லத்துக்கு நான்கு பக்கக் கடிதம் எழுதினார். கோவில் கணினியை நம்பக் கூடாது. மூலப் பதிவேட்டோடு ஒப்பிடாமல் எந்தச் சான்றிதழும் வழங்கக் கூடாது. தவற்றுக்குப் பொறுப்பானவர் தம் கைப்பட மன்னிப்புக் கடிதம் எழுத வேண்டும். அதைத் திருமண ஓலையோடு சேர்த்துச் சபையின் முன் வாசிக்க வேண்டும்.

"கடைசி வரி வேணாங்க," என்று லூசி கெஞ்சினாள். "பாவம், கெவின்."

"பாவம் என்று விட்டுவிட்டுத்தான் நாடு இப்படியிருக்கிறது."

வெள்ளிக்கிழமை பதில் வந்தது. ஆயர் இல்லம் எல்லாக் கோரிக்கைகளையும் ஏற்றிருந்தது. அதன்படி அன்றே கணினிச் சான்றிதழ்கள் அனைத்தும் நிறுத்தப்பட்டன. ஓலைக்குக் காத்திருந்த வேறு ஐந்து குடும்பங்கள் லூசியைத் தொலைபேசியில் அழைத்து, ஏசுதாஸைப் பற்றி ஒருவர் மாற்றி ஒருவர் பேசின.

சனிக்கிழமை காலை அலுவலகத்தில் பங்குத்தந்தை, கெவின், லூசி, ஏசுதாஸ் நால்வரும் கூடினர். கோவிலைப் பெருக்கும் செல்லம்மாள் இரும்பு அலமாரியைத் திறந்து, பழைய பதிவேட்டைத் தூசி தட்டி மேசைமேல் வைத்தாள்.

கெவின் பக்கத்தைப் புரட்டி நிறுத்தினான். பிறகு நாற்காலியில் சாய்ந்துகொண்டான்.

அது அச்சடித்த பதிவேடு. ஆண்டுக்கான கட்டத்தில் '19' முன்பே அச்சாகியிருந்தது. அதை அடிக்காமல், அதன் பக்கத்தில் யாரோ மணிமணியாக '00' என்று எழுதியிருந்தார். கணினி, பார்த்ததைப் பார்த்தபடி எழுதியிருந்தது; அவ்வளவுதான்.

"எழுதுனவர் உயிரோட இருந்து, தப்பு என்னுதுன்னு எழுதிக் குடுத்தாப் போதும்," என்றார் பங்குத்தந்தை. "இப்பவே திருத்திடலாம். நாளைக்கு ஓலை வாசிச்சுடலாம். இல்லேன்னா ஈஸ்டருக்கு அப்புறம்தான்."

"இரண்டாயிரமாவது ஆண்டு பிறந்தது உலகத்துக்கே தெரியும்," என்று ஏசுதாஸ் கொதித்தார். "தெரியாமல் போன அந்த மூடன் யார்? எங்கிருந்தாலும் அவனைக் கொண்டுவாருங்கள்."

செல்லம்மாள் துடைத்த துணியை உதறி மடித்தாள்.

"என்ன சார், மறந்துட்டீங்களா? அப்ப பதிவேடு எழுதுற உபதேசியார் ஊருக்குப் போயிருந்தாரு. பாப்பாவை என் மடியில குடுத்துட்டு, நீங்கதான உக்காந்து எழுதுனீங்க?"

லூசி பேனாவின் மூடியைக் கழற்றி, ஒரு வெள்ளைத்தாளோடு கணவர்முன் வைத்தாள்.

ஆகவே வாசகரே, முன்பே '19' அச்சடித்த பதிவேடு எதுவும் உங்கள் பொறுப்பில் இருந்தால், இன்றே எடுத்துப் பார்த்துத் திருத்துங்கள். எழுதியவர் யார் என்று மட்டும் தயவுசெய்து விசாரிக்காதீர்கள்.