திருவாதிரைக்கு வந்த பலன்

எங்கள் பத்திரிகையின் சேலம் அலுவலகத்தில் உண்மையைத் தவிர வேறெதுவும் எழுதத் தெரியாதவர் ஒருவர்தான் இருந்தார். அவரிடம் ராசிபலனைக் கொடுத்தார்கள்.

அவர் பிழை திருத்துபவர். எல்லோருக்கும் 'வெடி சார்'. பெரிய நட்சத்திரங்கள் வெடித்துச் சாவதைத் தவிர வேறு பேச்சு கிடையாது. டீக்கடையில் கிளாசைத் தூக்கிக் காட்டி, "இந்தத் தண்ணியில இருக்கிற ஆக்சிஜன் என்னைக்கோ ஒரு நட்சத்திரம் வெடிச்சு வந்தது" என்பார்.

"பால்ல தண்ணி ஊத்துனது நான்தான் சார். நட்சத்திரத்து மேல ஏன் பழி?" என்பார் கடைக்காரர்.

தன் காய்ச்சலை முன்கூட்டி அறியாத ஜோசியர் படுத்துவிட்ட அன்று, வெடி சார் எழுதினார்: 'திருவாதிரை: உங்களுடையது வயதான, மிகப் பெரிய நட்சத்திரம். வெடிக்கப் போவது உறுதி.' பிழை திருத்த வேண்டியவரும் அவரே. அச்சாகிவிட்டது.

மறுநாள் ஓமலூரிலிருந்து ஒரு விவசாயி வந்தார். மகள் திருவாதிரை. பலனைப் படித்த மாப்பிள்ளை வீட்டார், வெடிக்காது என்று பேப்பரிலேயே போட்டால்தான் நிச்சயம் என்று சொல்லிவிட்டார்களாம்.

"ஏனுங்க, ஆகாத நட்சத்திரம்னு ஏற்கெனவே ரெண்டு மூணு எடம் தட்டிப்போச்சு. நீங்க வெடி வேற வெச்சுட்டீங்களே?"

வெடி சார் நாற்காலியை இழுத்துப் போட்டார். "உங்க புள்ளையோடது மாதிரி நல்ல நட்சத்திரம் கிடையாதுங்க. இந்த மாதிரி பெருசுங்க வெடிச்சுத்தான் ஆக்சிஜன், மெக்னீசியம் எல்லாம் வருது. நம்ம சேலத்துச் சுரங்கத்துல வெட்டுற வெள்ளைக்கல்லுல இருக்கே, அதே மெக்னீசியம். கேலக்ஸிங்க நூத்துக்கணக்குல கூடியிருக்கிற இடத்துல, அது சொந்த கேலக்ஸியைத் தாண்டியும் தெறிக்குது. ஆனா கூட்டத்தை விட்டுப் போறதில்ல. நடுவுல இருக்கிற வாயுவுல எல்லாருக்கும் பொதுவா கலந்து நிக்குது."

"மாப்பிள்ளை ஊட்டுக்கும் வருங்களா?"

"தாராளமா."

மேலாளர் குறுக்கிட்டார். "வெடிக்காதுன்னு ரெண்டு வரி எழுதுய்யா."

"வெடிக்கும் சார்."

"எப்போ?"

"லட்சம் வருஷம் ஆகலாம். நாளைக்கும் ஆகலாம்."

"லட்சம்னே போடு!"

"நாளைக்கு வெடிச்சா?"

மேலாளரே எழுதினார்: 'திருவாதிரை ஒருபோதும் வெடிக்காது.' பிழை பார்க்க அது வெடி சாரிடமே வந்தது. பிழை என்று அடித்துவிட்டார். அன்று மாலையே வேலையிலிருந்து நீக்கப்பட்டார்.

மறுப்பு வெளிவந்தது. நிச்சயம் நடந்தது. பொய் தன் வேலையைச் சுத்தமாகச் செய்தது. அதை எழுதியவருக்கு அலுவலகத்தில் பாராட்டும் கிடைத்தது.

சில வாரம் கழித்து அந்த விவசாயி கல்யாணப் பத்திரிகையோடு வந்து, நேராக வெடி சாரின் மேசைக்குப் போனார். அங்கே வேறொருவர் இருந்தார்.

"அந்தச் சார் எங்கீங்க? என்ற புள்ளையோடத நல்ல நட்சத்திரம்னு சொன்ன ஒரே மனுசன் அவருதானுங்க. கட்டாயம் வரோணும் சாமி."

விசாரித்துப் பார்த்தேன். வெடி சார் தங்கியிருந்த அறையைக் காலி செய்துவிட்டுப் போயிருந்தார். எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. கல்யாணத்துக்கு நான் போனேன். கடைசிப் பந்தி வரை என் பக்கத்து நாற்காலியில் யாரையும் உட்கார விடவில்லை.