தள்ளிவிட ஒரு ஆள்

சாவியைத் திருப்பினார் சர்வேயர். ஜீப் 'டக்' என்று ஒரு சத்தம் கொடுத்தது. அதோடு சரி.

மாடிப்படியைப் பார்த்து, யாருக்கோ சொல்வதுபோலக் குரல் கொடுத்தார். "யாராவது கொஞ்சம் தள்ளினா தேவல."

மாடியில் குடியிருக்கும் மகன் இறங்கி வந்தான். முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டு பின்னால் போய்த் தோள் கொடுத்தான். இருவரும் பேசி மாதக்கணக்காகிறது. மகனின் கடை படுத்துவிட்ட சமயம், சம்பந்தி வீட்டார் முன்னால், "இவன் கை வெச்சது எது உருப்பட்டிருக்கு?" என்று சர்வேயர் கேட்டுவிட்டார். நாக்கில் சனி. அன்றைக்கே மனசு அடித்துக்கொண்டது. மன்னிப்புக் கேட்கத்தான் வாய் வரவில்லை.

தினமும் இதே கதைதான். வண்டி நகரும்போது பக்கக் கண்ணாடியில் மகனின் வியர்த்த முகம் தெரியும். இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று தலையை வெளியே நீட்டுவார். "டேய், அன்னிக்கு நான்..." அந்த நேரம் பார்த்துத்தான் இஞ்சின் உறுமும். நிறுத்தினால் மறுபடி அணைந்துவிடும். புகைக்குள் மகன் காணாமல் போவான்.

தான் திட்டினவனையே வண்டி தள்ள வைப்பது அவருக்கே அசிங்கமாக இருந்தது. மெக்கானிக்கை வரவழைத்தார்.

"பாட்டரி வயர் லூசு சார். பழைய ஜீப்பு, குலுங்கிக் குலுங்கியே கழண்டுக்கும்."

முடுக்கினான். மறுநாளும் கழன்றிருந்தது. "இப்பப் பாருங்க" என்று முழு பலத்தையும் காட்டினான். பாட்டரியில் வயர் மாட்டும் ஈயக் குமிழ் கையோடு வந்துவிட்டது. புது பாட்டரி வாங்கினார்கள். அது பாட்டரித் தட்டில் உட்காரவில்லை. தட்டை வெட்டினான். வெட்டிய தகரம் ரேடியேட்டரில் ஓட்டை போட்டது.

"தண்ணி ஒழுகுதேப்பா!"

"அதை அடைச்சிடலாம் சார். வயர் எவ்வளவு கெட்டியா இருக்கு பாருங்க!"

மறுநாள் வயர் கழன்றிருந்தது.

அடிக்கடி திறந்து மூடியதில் கடைசியாக, இஞ்சினை மூடும் பானெட்டின் கொக்கியும் உடைந்தது. மலைப்பாதையில் பானெட் எழுந்து நின்று கண்ணை மறைத்ததில் சர்வேயருக்கு உயிர் போய் உயிர் வந்தது. மெக்கானிக் அதைச் சங்கிலியால் கட்டிப் பூட்டுப் போட்டுக் கொடுத்தான்.

அதிலிருந்து ஜீப் ஒரே திருப்பில் கிளம்பியது.

"நம்ம கைராசி அப்படி சார்" என்றான் மெக்கானிக்.

சர்வேயருக்குச் சந்தோஷம் வரவில்லை. தினமும் மாடிப்படியைப் பார்ப்பார். யாரும் இறங்க மாட்டார்கள். கூப்பிடக் காரணம் வேண்டுமே! கண்ணாடியிலாவது பிள்ளை முகம் தெரிந்தது, அதையும் காசு கொடுத்துக் கெடுத்துக்கொண்டோமே என்று குமைந்தார்.

ஒரு நாள் காலையில் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுப் பூட்டைத் திறந்தார். ஸ்பானரை எடுத்துத் தானே வயரைக் கழற்றினார். திருடன்போல மறுபடி பூட்டிவிட்டு, ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். 'டக்'. அந்தச் சத்தம் இவ்வளவு இனிக்கும் என்று அவர் நினைத்ததே இல்லை.

"யாராவது..." என்று ஆரம்பித்தவர் மாற்றிக்கொண்டார். "டேய், கொஞ்சம் வாயேன்டா."

மாடியில் தடதடவென்று காலடிச் சத்தம். புருஷனை முந்திக்கொண்டு ஓடி வந்த மருமகள், குரலைத் தாழ்த்திக் கேட்டாள்:

"நிஜமாவே ரிப்பேரா மாமா? நீங்க பூட்டுப் போட்டதிலேர்ந்து வயரைக் கழட்ட முடியலையேன்னு, பாவம், அவர் சரியாச் சாப்பிடாமக்கூடக் கிடக்கார்!"