நிழலுக்கு ரசீது

நாட்டின் வளர்ச்சியைக் கணக்கிடும்போது சுற்றுச்சூழலுக்கு நேர்ந்த சேதத்தைக் கழித்துவிட்டே கணக்கிட வேண்டும் என்று ஓர் உத்தரவு வந்தது. நல்ல உத்தரவு. அதற்காகவே நகரத்தின் பாணேர் பகுதியில், குளிர்சாதன வசதியுடன், ஓர் அலுவலகமும் திறந்தார்கள்.

அதே நகரத்தின் சிஞ்ச்வட்டில், சாவித்ரி அம்மாளின் குடியிருப்பு சொசைட்டி வாசலில் ஒரு தூங்குமூஞ்சி மரம் நின்றது. அதை வெட்டி, வண்டி நிறுத்துமிடம் கட்டப்போவதாகப் பலகை வைத்தார்கள். அம்மாள் தேஹு ரோடு ஆயுதக் கிடங்கில் முப்பது வருடம் சரக்குக் கணக்குப் பார்த்தவர். ஓர் ஆணியைக்கூடத் தொலைத்ததில்லை. மரத்தைத் தொலைப்பாரா? வெட்டலாமா என்று முடிவு செய்வது அந்தப் புது அலுவலகம்தான் என்றார்கள். நேரே பாணேருக்கு பஸ் ஏறினார்.

அங்கே அதிகாரி ஷ்ரேயஸ் தமிழ்ப் பிள்ளைதான். தமிழ் மட்டும் கொஞ்சம் தடுக்கும்.

“போன வருஷம் உங்க மரம் என்ன புரொடக்‌ஷன் பண்ணிச்சு, ஆன்ட்டி?”

“நிழல்.”

“யாரு வாங்கினாங்க?”

“யாரு வாங்குவா? எல்லாரும் சும்மா உக்காந்தோம்.”

“அப்போ ஜீரோ.” எழுதிக்கொண்டான்.

“வெட்டினா?”

ஷ்ரேயஸின் முகம் மலர்ந்தது. “வெட்டுக்கூலி, லாரி வாடகை, பார்க்கிங் ஃபீஸ், வீட்டுக்கு வீடு ஏசி, வெயில்ல மயங்கி விழுறவங்களுக்கு ஆஸ்பத்திரிச் செலவு... எல்லாமே வளர்ச்சி, ஆன்ட்டி!”

“சேதத்தைக் கழிக்கணுமே, தம்பி?”

“கண்டிப்பா! இந்த ஆபீஸே அதுக்குத்தானே? போன நிழலோட விலை ஜீரோ. அதைக் கழிச்சிடுவோம்.”

அம்மாள் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். “நிழலுக்கு விலை வரணும்னா?”

“பைசா கைமாறணும். ரசீது வேணும்.”

மறுநாளே ஏற்பாடு தொடங்கியது. மரத்தடியில் உட்காருகிறவர், முன்பு உட்கார்ந்திருந்தவருக்குப் பத்து ரூபாய் கொடுத்து இடத்தை வாங்க வேண்டும்.

“நம்ம மரத்தடியில உக்காரவே காசா, அக்கா?” என்றார் சொசைட்டி செயலாளர் கிறிஸ்டோபர்.

“வெட்டின பிறகு அடுப்புல உக்காந்தா இலவசம். உனக்கு எது வசதி?”

ஒரே பத்து ரூபாய் நோட்டு ஒரு மாதம் சுற்றி, அறுநூற்று முப்பது ரசீதுகள் சேர்ந்தன. ஷ்ரேயஸ் எழுந்து நின்று பெற்றுக்கொண்டான்.

“ஜீரோவிலிருந்து ஆறாயிரத்து முந்நூறு! எத்தனை சதவீத வளர்ச்சின்னு என் கம்ப்யூட்டராலயே சொல்ல முடியலை. மரத்தை வெட்ட மாட்டோம், ஆன்ட்டி. ஆனா வருஷா வருஷம் வளரணும். இல்லைன்னா வெட்டிடுவோம்.”

“நிழல் அதேதானே இருக்கும்?”

“விலையை ஏத்துங்க.”

“ஏத்தினா எல்லாரும் எதிர் வரிசைக்குப் போயிடுவாங்க. அங்க சொசைட்டியோட ஆறு மரம் சும்மா நிக்குது.”

“ஓ, போட்டியா?” ஷ்ரேயஸ் யோசித்தான். “அந்த ஆறையும் வெட்டிடலாம். சும்மா கொடுக்கிற நிழல்தானே, சேதம் ஜீரோ. சொசைட்டி சம்மதம் மட்டும் போதும்.” சம்மதத் தீர்மானத்தை அங்கேயே ஒரு காகிதத்தில் எழுதி நீட்டினான்.

அம்மாள் மறுபடி கண்ணாடியைத் துடைத்தார். ஒரு மரத்தைக் காப்பாற்றத்தானே வந்தார்? காகிதத்தில் பிழை எதுவும் தென்படவில்லை. வாங்கிக்கொண்டார்.

ஞாயிறு பகல் பதினோரு மணிக்கு, மரத்தைக் காப்பாற்றும் சிறப்புக் கூட்டம். மரத்தடியில் கூடினால் தலைக்குப் பத்து ரூபாய் ஆகும். ஆகவே எல்லாரும் எதிர் வரிசை ஆறு மரங்களின் கீழே பாய் விரித்து உட்கார்ந்தார்கள். சிலுசிலுவென்று காற்று. அம்மாள் தீர்மானத்தைத் தெளிவாக வாசித்து, எதிர்ப்பவர்கள் கை தூக்கலாம் என்றார்.

ஒருவரும் தூக்கவில்லை. பாதிப் பேர் அந்தச் சுகத்தில் தூங்கிப்போயிருந்தார்கள். மீதிப் பேர் கைதட்டினார்கள்.