சின்னப்பராஜ் மூளையைக் கவனித்துக்கொண்ட கதை

இதை நான் ஒழுங்காகச் சொல்வேனா என்று எனக்கே பயமாக இருக்கிறது. ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். ஒரு சொல் கூடிப்போனால் பக்கத்து வீட்டுப் பாக்கியமேரி கோபித்துக்கொள்வாள். குறைந்துபோனால் அவள் புருஷன் சின்னப்பராஜ் தப்பித்துக்கொள்வார். அதனால் ரயில் நின்ற இடத்திலிருந்தே தொடங்கிவிடுகிறேன்.

எண்பத்தாறாம் வருஷம். சேலத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு இரண்டு பேரும் மொரப்பூரில் இறங்கினார்கள். அங்கிருந்து எங்கள் அரூருக்குப் பஸ் ஏற வேண்டும்.

"பையெல்லாம் பத்திரமாப் பாத்துக்கோங்க. மூஞ்சி கழுவிட்டு வந்துடறேன்" என்று பாக்கியமேரி குழாயைத் தேடிப் போனாள். வெளியே அரூர் பஸ் உறுமிக்கொண்டிருந்தது.

சின்னப்பராஜ் தாலுக்கா ஆபீஸ் கிளார்க். சொன்னதைச் செய்கிறவர். பைகளை அவ்வளவு பத்திரமாகப் பார்த்துக்கொண்டார். ஒன்றுகூட விடாமல் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினார். ஜன்னலோரம் இடம் பிடித்தார். அரூரில் இறங்கி, வீட்டுக்கு வந்து, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, "பாக்கியம், காபி போடு" என்றார்.

பதில் இல்லை. இன்னொரு தரம் கூப்பிட்டார். அப்புறம்தான் அவளை மொரப்பூரிலேயே விட்டுவிட்டு வந்தது அவருக்கு ஞாபகம் வந்தது.

அடுத்த பஸ்ஸில் பாக்கியமேரி வந்து இறங்கினாள். தெருவே பார்த்தது. வாயைத் திறந்து திட்டியிருந்தால்கூட அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவள் திட்டவில்லை, அழுதாள். "உங்க மூளைக்கு என்னமோ ஆயிப்போச்சுங்க" என்று மறுநாளே மிஷன் ஆஸ்பத்திரி டாக்டர் சிஸ்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

சிஸ்டர் கண்ணில் டார்ச் அடித்தார். முழங்காலில் தட்டினார்.

"மூளைக்கு ஒண்ணும் இல்ல. ஆனா வயசாகுது, அதையும் கவனிக்கணும். தினம் நடங்க. நேரத்துக்குத் தூங்குங்க. கீரை சேத்துக்குங்க, பீடிய வுட்டுடுங்க. நாலு பேரோட கலந்து பேசுங்க. புதுசா எதையாவது கத்துக்குங்க."

சின்னப்பராஜுக்கு முகம் பூரித்துவிட்டது. மருந்து கசக்கும் என்று போனவருக்கு அல்வா கிடைத்த மாதிரி. அன்றைக்கே ஒரு பெரிய தீர்மானம் எடுத்தார். இனி மூளைதான் முக்கியம், மற்றதெல்லாம் அப்புறம்.

அந்தத் தெருவில் சாயங்காலம்தான் தண்ணீர் வரும். அந்தத் தீர்மானம் வரைக்கும் அவள் இடுப்பிலும் அவர் தோளிலுமாக ஆளுக்கு ஒரு குடம் தூக்கிவந்தார்கள்.

"என்னங்க, தண்ணி வந்துட்டுது."

"நான் நடக்கப் போறேன். டாக்டர் சொல்லியிருக்காங்க."

நடை மதலைமுத்துவின் டீக்கடையோடு முடிந்துவிடும். அங்கே நாலு பேரோடு பேச்சு. பேச்சு அலுத்தால் கேரம் போர்டு. அதுதான் புதிதாகக் கற்றுக்கொள்வது.

"வெறகு பொளக்கணுங்க."

"தூங்கணும் பாக்கியம். தூங்கறப்பதான் மூளை வளருது."

சிஸ்டர் அப்படிச் சொல்லவே இல்லை. மூளை வளர்ந்ததோ இல்லையோ, பாக்கியமேரியின் முழங்கால் வீங்கி வளர்ந்தது. ஒற்றை ஆளாக எத்தனை குடம் தூக்குவாள்? தண்ணீருக்கு ஒரு வழி பண்ணாவிட்டால் படுத்துவிடுவோம் என்று அவளுக்குத் தெரிந்துபோனது.

ஒரு நாள் அவர் செருப்பை மாட்டும்போது வாசலில் குடத்தோடு நின்றாள்.

"டீக்கடை எவ்வளவு தூரமுங்க?"

"இதோ, நாலு வூடு தாண்டி."

"நாலு வூடு நடந்தா மூளைக்கு எப்படிப் பத்தும்? கொழாய் தெருக்கோடியில இருக்குது. நாலு தரம் போய்ட்டு வந்தா அதுதான் நடை."

"பேச்சு? நாலு பேரோட பேசணுமே."

"கொழாயடியில நாப்பது பேரு. ஊமையக்கூடப் பேச வெச்சிடுவாங்க."

"புதுசா எதாவது கத்துக்கணும்னு..."

"இடுப்புல கொடம் வெக்கத் தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாது."

"அப்ப அது புதுசுதான."

சிஸ்டர் சொன்னதில் ஒரு வரிகூட மாறவில்லை. குடத்தை வாங்கிக்கொண்டார்.

குழாயடியில் அதே தெருக் குள்ளம்மாள்தான் அவருக்கு வாத்தியார். "அண்ணா, கொடம் கோணுது. இடுப்பக் கொஞ்சம் தள்ளுங்க. வெக்கப்பட்டா தண்ணி தங்காதுண்ணா." பெண்கள் சிரித்த சிரிப்பில் பாதிக் குடம் சிந்தியது. அது பழகியதும் களி கிண்டுவதும் புதுசு என்று அடுப்படிக்குள் வரவழைத்தாள் பாக்கியமேரி. கட்டி தட்டாமல் கிண்டுவதற்குள் அவருக்குத் தோள்பட்டை கழன்றது. ராத்திரி தலை சாய்ந்ததும் தூங்கினார். பீடி பற்றவைக்கக் கை ஒழியவில்லை. ஆபீசில்கூட எதையும் மறக்கவில்லை.

அதையே பிடித்துக்கொண்டார்.

"பாக்கியம், மூளை நல்லாயிட்டுது. இதோட நிறுத்திக்கலாம்."

"அப்படிங்களா? மொரப்பூர்ல நான் என்ன சேல கட்டியிருந்தேன்?"

"பச்சை."

குடத்தை நீட்டினாள்.

மறுநாள் நீலம் என்றார். குடம் வந்தது. அதற்கடுத்த நாள் குழாயடியில் குள்ளம்மாளிடம் கெஞ்சினார். அன்றைக்குப் பஸ்ஸிலிருந்து இறங்கியவளைத் தெருவே பார்த்ததல்லவா?

"நாவப்பழக் கலருண்ணா. மஞ்சக் கரை. முந்தானையில மயிலு."

தண்ணீர் தளும்பத் தளும்ப ஓடிவந்தார். குடத்தை இறக்கக்கூட இல்லை.

"நாவப்பழக் கலர், மஞ்சக் கரை, முந்தானையில மயிலு."

பாக்கியமேரி களிக்கோலைக் கீழே வைத்தாள். "மயிலு வரைக்கும் ஞாபகம் இருக்குதுங்களா?"

"மயிலு வரைக்கும்."

"அப்ப மூளையில ஒரு கோளாறும் இல்ல."

"இல்லவே இல்ல."

"அப்ப தெரிஞ்சேதான் என்ன ஸ்டேசன்ல வுட்டுட்டு வந்திருக்கீங்க."

களிக்கோலை மறுபடி கையில் எடுத்துக்கொண்டாள்.

"நாளைக்குப் பூசை முடிஞ்சதும் ஃபாதர்கிட்டச் சொல்றேன். தொப்பூர்ல எங்கண்ணன் சவுரியப்பனுக்கும் ஆள் அனுப்பறேன்."

சவுரியப்பன் லாரி டிரைவர். லாரி டயரை ஒற்றைக் கையால் புரட்டிப்போடுகிறவர். சின்னப்பராஜ் அந்தக் கையை ஒரு தரம் நினைத்துப் பார்த்தார். தண்ணீரை அண்டாவில் கவிழ்த்துவிட்டு வெறுங்குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டார்.

"பாக்கியம், அந்தச் சேல பச்சைதானே? எனக்கு இன்னும் சரியாகல போலருக்குது" என்று சொல்லிவிட்டு அடுத்த நடைக்குக் கிளம்பினார்.

மறுபடி சேலத்துக்குப் போக வேண்டி வந்தபோது பாக்கியமேரி ஒரு காரியம் செய்தாள். வீட்டைப் பூட்டிச் சாவியைத் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"என்ன மறந்துட்டு வந்தீங்கன்னா வாசல்லயே நில்லுங்க. அடுத்த பஸ்ல வந்து தெறக்கறேன்."